தீம் பார்க் ரைடுகள் ஏன் மாறிக்கொண்டே இருக்கின்றன?

கலிஃபோர்னியாவின் அனஹைம் நகரில் இருக்கும் டிஸ்னிலேண்டில் ஒரு செயற்கைக் குளம் உண்டு. 1959 ஜூனில் அதில் எட்டு நீர்மூழ்கிக் கப்பல்களை ஓட விட்டார்கள். உண்மையில் அவை மூழ்குவதே இல்லை. நாம் உட்காரும் இருக்கை தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருக்கும், முகத்துக்கு எதிரே வட்டமாக ஒரு கண்ணாடி ஜன்னல், கப்பல் கிளம்பியதும் அந்த ஜன்னலுக்கு வெளியே குமிழ்கள் கொத்துக் கொத்தாக மேலே ஏறும். அவ்வளவுதான், கீழே இறங்கிக்கொண்டிருக்கிறோம் என்று மனசு தானாகவே நம்பிவிடும்.

அப்போது அந்தக் கப்பல்களுக்குப் போர்க்கப்பல் போலச் சாம்பல் நிறம் அடித்திருந்தார்கள். பெயர்களும் அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிகளுடைய பெயர்கள்தான். அதற்கு முந்தைய வருடம், 1958-ல், நாட்டிலஸ் என்ற நிஜ நீர்மூழ்கி வட துருவப் பனிக்கு அடியிலேயே கடந்து போயிருந்தது. அந்தப் பெருமிதத்தில்தான் டிஸ்னிலேண்டின் குட்டிக் கப்பலும் செயற்கைப் பனிப்பாறைகளுக்கு அடியில் புகுந்து வந்தது. 1980-களில் சாம்பல் நிறம் போய் மஞ்சள் வந்தது, போர்க்கப்பல்கள் கடல் ஆராய்ச்சிக் கப்பல்களாகிவிட்டன. 1998-ல் மொத்தமாக நிறுத்திவிட்டார்கள். கிட்டத்தட்ட ஒன்பது வருடம் அங்கே ரைடே கிடையாது. 2007-ல் அதே கப்பல்கள், டீசல் எஞ்சினைக் கழற்றிவிட்டு மின்சாரத்தில் ஓடும்படி மாற்றப்பட்டு, நீமோ என்ற கார்ட்டூன் மீனைத் தேடிக் கிளம்பின.

குளம் அதேதான், கப்பலின் உடம்பும் அதேதான். எஞ்சின் ஒரு தடவை மாறியது. கதை இரண்டு தடவை மாறியது. தீம் பார்க் ரைடுகள் எப்படி மாறுகின்றன என்று புரிந்துகொள்ள இந்த ஒரு உதாரணமே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. எப்படி என்று பார்க்கலாம்.

ஒரு ரைடில் ஏறும்போது நமக்கு அது ஒரே பொருளாகத்தான் தெரியும். அதைக் கட்டுகிறவர்களுக்கு அது மூன்று தனித்தனி விஷயம். முதலாவது கூடு, அதாவது கட்டடம், குளம், செயற்கை மலை, அஸ்திவாரம் எல்லாம். கட்டடத்துக்குள் இருட்டில் ஓடும் ரைடுகளில் பெரும்பாலானவை வெளியே அரண்மனையாகவோ குகையாகவோ தெரிந்தாலும் பின்பக்கம் ஒரு பெரிய கிடங்குதான் இருக்கும், அதை 'ஷோ பில்டிங்' என்பார்கள். இரண்டாவது இயந்திரம்: தண்டவாளம், படகு, சங்கிலி, மோட்டார், பிரேக், இவற்றையெல்லாம் கட்டுப்படுத்தும் கணினி. மூன்றாவது கதை: நாம் பார்க்கும் பொம்மைகள், கேட்கும் பாட்டு, சுவரில் இருக்கும் ஓவியம், வாசலில் எழுதியிருக்கும் பெயர்.

இந்த மூன்றுக்கும் ஆயுள் வேறு வேறு. கூடு ஐம்பது, அறுபது வருடம்கூடத் தாங்கும். இயந்திரம் அதற்குப் பாதி தாங்கினாலே பெரிய விஷயம், அதுவும் நல்ல பராமரிப்பு இருந்தால். கதைதான் எல்லாவற்றுக்கும் முன்னால் பழையதாகிறது, சில சமயம் பத்தே வருடத்தில். அதனால்தான் 'புத்தம் புதிய ரைடு' என்று விளம்பரம் வரும்போது பல தடவை உள்ளே இருப்பது பழைய கட்டடமும் பழைய தண்டவாளமும். வாடகை வீட்டில் பழைய குடித்தனம் காலி செய்து, சுண்ணாம்பு அடித்து, புதுக் குடித்தனம் வருகிற மாதிரிதான் இது. வீடு இடிவது அபூர்வம்.

கதை ஏன் அத்தனை சீக்கிரம் பழையதாகிறது என்று பார்த்தால், முதலில் மாட்டிக்கொள்வது எதிர்காலத்தைப் பற்றிய ரைடுகள். 1955 ஜூலை 17-ல் டிஸ்னிலேண்ட் திறந்தபோது அதில் 'டுமாரோலேண்ட்' என்று ஒரு பகுதி இருந்தது, அது 1986-ஆம் ஆண்டு உலகம் எப்படி இருக்கும் என்று காட்டுவதாக ஏற்பாடு. 1957-ல் அங்கே மான்சாண்டோ நிறுவனத்தின் பணத்தில் முழுக்க முழுக்க பிளாஸ்டிக்கால் 'எதிர்கால வீடு' ஒன்று கட்டினார்கள். பத்தே வருடத்தில், 1967-ல், அதை இடித்தாக வேண்டியிருந்தது. சமையலறையில் மைக்ரோவேவ் அடுப்பைப் பார்த்து 1957-ல் வாயைப் பிளந்தவர்களுக்கு அது கொஞ்ச நாளில் சாதாரண விஷயமாகப் போகும் காலம் வந்துகொண்டிருந்தது. இடிப்பதும் லேசாக நடக்கவில்லை. இரும்புக் குண்டை வீசி அடித்தால் குண்டு எகிறித் திரும்பி வந்தது என்று சொல்வார்கள், கடைசியில் துண்டு துண்டாக அறுத்து எடுக்க வேண்டியதாயிற்று. அதன் கான்கிரீட் அடித்தளம் மட்டும் அங்கேயே தங்கிவிட்டது.

இதே சிக்கலில் இன்னொரு பிரபலமான உதாரணம், 'கரோசல் ஆஃப் ப்ராக்ரஸ்'. 1964-ல் நியூயார்க் உலகக் கண்காட்சிக்காக ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்துக்கு வால்ட் டிஸ்னியின் ஆட்கள் செய்து கொடுத்தது. ஒரு குடும்பம், நான்கு காலகட்டங்கள், ஒவ்வொன்றிலும் மின்சாரம் வீட்டை எப்படி மாற்றியது என்று பொம்மைகள் பேசிக் காட்டும். இதில் மேடை அப்படியே நிற்கும், பார்வையாளர்கள் உட்கார்ந்திருக்கும் வளையம்தான் சுற்றும். அருமையான யோசனை. கண்காட்சி முடிந்ததும் 1967-ல் டிஸ்னிலேண்டுக்கு வந்தது, 1975-ல் ஃப்ளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்குப் போனது. முதல் மூன்று காட்சிகள் பழைய காலத்தைக் காட்டுவதால் அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. பழையது மேலும் பழையதாகாது. நான்காவது காட்சி 'இன்றைய வீடு, நாளைய வீடு' என்பதால் அதைத் திரும்பத் திரும்ப மாற்ற வேண்டியிருந்தது. 1990-களில் செய்த மாற்றத்தில் குரல் சொன்னால் கேட்கும் அடுப்பு, கண்ணில் மாட்டிக்கொள்ளும் விளையாட்டு, லேசர் டிஸ்க் என்று பேச்சு வரும். அதற்குப் பிறகு பல வருடம் யாரும் அதைத் தொடவில்லை, கடைகளில் லேசர் டிஸ்க் காணாமல் போன பிறகும் பொம்மைகள் அதைப் பற்றி வியந்து பேசிக்கொண்டிருந்தன. எதிர்காலத்தைக் கதையாக எடுத்தால் ஐந்தாறு வருடத்துக்கு ஒரு முறை கையை வைத்தே ஆக வேண்டும். அந்தச் செலவுக்குத் தயாராக இல்லாதவர்கள் அந்தக் கதையைத் தொடாமலிருப்பது நல்லது என்பது என் கருத்து.

இன்னொரு காரணம் கொஞ்சம் கனமானது. ஒரு காலத்தில் சிரிப்பு வரவழைத்தது அடுத்த தலைமுறைக்குக் கூசுகிறது.

'பைரேட்ஸ் ஆஃப் த கரீபியன்' இதற்கு நல்ல உதாரணம். 1967 மார்ச் 18-ல் டிஸ்னிலேண்டில் திறந்தது. வால்ட் டிஸ்னி அதற்கு மூன்று மாதம் முன்பு, 1966 டிசம்பரில், இறந்துவிட்டார், அவர் மேற்பார்வையில் உருவான கடைசிப் பெரிய ரைடுகளில் ஒன்று அது. படகில் போனால் இருபுறமும் கடற்கொள்ளையர்கள் ஒரு ஊரைச் சூறையாடிக்கொண்டிருப்பார்கள். அதில் ஒரு காட்சியில் கொள்ளையர்கள் பெண்களைத் துரத்துவார்கள். இன்னொரு காட்சியில் ஊர்ப் பெண்களைக் கயிற்றில் கட்டி வரிசையாக நிறுத்தி மணப்பெண்களாக ஏலம் விடுவார்கள், சிவப்பு உடை போட்ட செந்தலைப் பெண் ஒருத்திக்குக் குடிகாரக் கூட்டம் கத்திக் கத்திக் கேட்கும். முப்பது வருடம் இதைக் குடும்பம் குடும்பமாகப் பார்த்துச் சிரித்தார்கள்.

1997-ல் துரத்தும் காட்சியை மாற்றினார்கள்: பெண்கள் கையில் உணவுத் தட்டைக் கொடுத்து, கொள்ளையர்கள் சாப்பாட்டுக்காகத் துரத்துவது போல. 2018-ல் ஏலக் காட்சி மாறியது. இப்போது அங்கே ஏலம் போவது ஊராரிடம் பிடுங்கிய பொருட்கள். அந்தச் செந்தலைப் பெண் துப்பாக்கியோடு நிற்கும் ஒரு கொள்ளைக்காரி, பெயர் ரெட். பொம்மை நிற்கும் இடம் கிட்டத்தட்ட அதேதான், படகு போகும் வழியில் ஒரு அங்குல மாற்றமும் இல்லை. உடையும் கையில் இருக்கும் பொருளும் பேசும் வசனமும் மாறியதில் அந்தக் காட்சியின் அர்த்தமே தலைகீழாகிவிட்டது. இது ரைடின் வரலாற்றைக் கெடுத்துவிட்டது என்று நிறைய பேர் வருத்தப்பட்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெண்ணை ஏலம் விடுவதை வேடிக்கை என்று ஒரு எட்டு வயதுப் பெண் குழந்தைக்குக் காட்ட வேண்டிய அவசியம் என்ன இருக்கிறது? ரைடின் உயிர் அந்த இருட்டிலும், எரியும் ஊரின் வெளிச்சத்திலும், படகு சட்டென்று கீழே சரியும் இடத்திலும் இருக்கிறது. அதெல்லாம் அப்படியே இருக்கிறது.

இடையில் 2006-ல் இன்னொரு மாற்றமும் நடந்தது. இந்த ரைடை வைத்து 2003-ல் ஒரு சினிமா எடுத்தார்கள், அது ஓடு ஓடென்று ஓடியது. உடனே சினிமாவில் வந்த ஜாக் ஸ்பாரோவைப் பொம்மையாக்கி ரைடுக்குள் கொண்டுவந்து வைத்தார்கள். ரைடிலிருந்து சினிமா, சினிமாவிலிருந்து மறுபடி ரைடு.

'ஸ்பிளாஷ் மவுண்டன்' கதை இதைவிடப் பெரியது. 1989-ல் டிஸ்னிலேண்டில் திறந்த ரைடு, மரக்கட்டைப் படகில் உட்கார்ந்து போய்க் கடைசியில் ஐம்பதடிக்கும் மேலே இருந்து தண்ணீரில் வந்து விழ வேண்டும். விழும் அனுபவம் எல்லாருக்கும் பிடித்தது. ஆனால் அதன் கதை 1946-ல் வந்த 'சாங் ஆஃப் த சவுத்' படத்திலிருந்து எடுத்தது. அமெரிக்கத் தென்மாநிலத் தோட்டங்களில் கறுப்பின மக்கள் வாழ்ந்த வாழ்க்கையை இனிக்க இனிக்கக் காட்டியதற்காக அந்தப் படம் வந்த காலத்திலிருந்தே கண்டனம் வாங்கியது, டிஸ்னி நிறுவனமே அதை அமெரிக்காவில் வீடியோவாக வெளியிடவில்லை. படத்தைப் பூட்டி வைத்துவிட்டு அதன் கதாபாத்திரங்களை மட்டும் மலைக்குள் பாட வைத்திருந்தார்கள். 2020 ஜூனில் ரைடை மாற்றப்போவதாக அறிவித்தார்கள், 2023-ல் டிஸ்னிலேண்டிலும் ஃப்ளோரிடாவிலும் மூடினார்கள், 2024-ல் 'டியானாஸ் பாயூ அட்வென்ச்சர்' என்ற பெயரில் திறந்தார்கள். டியானா, 2009-ல் வந்த படத்தின் நாயகி, டிஸ்னியின் முதல் கறுப்பின இளவரசி. பொம்மைகள், பாட்டு, கதை அத்தனையும் புதிது. தண்ணீர் ஓடும் வாய்க்காலும் அந்தக் கடைசி விழுகையும் பழையவை. டோக்கியோ டிஸ்னிலேண்ட் ஓரியண்டல் லேண்ட் என்ற ஜப்பானிய நிறுவனத்தின் சொத்து, அங்கே மட்டும் பழைய ஸ்பிளாஷ் மவுண்டன் அப்படியே ஓடுகிறது. ஒரே ரைடு ஒரு ஊரில் மாறுவதும் இன்னொரு ஊரில் மாறாததும் யார் கையில் பார்க் இருக்கிறது என்பதைப் பொறுத்தும் இருக்கும்.

ஸ்பிளாஷ் மவுண்டனில் எனக்கு ரொம்பப் பிடித்த தகவல் வேறு ஒன்று. டிஸ்னிலேண்டில் அந்த மலைக்குள் பாடிய விலங்குப் பொம்மைகளில் பெரும்பாலானவை அதற்காகச் செய்யப்பட்டவையே இல்லை. மேலே சொன்ன சுற்றும் அரங்கம் இருந்ததே, டிஸ்னிலேண்டில் கரோசல் ஆஃப் ப்ராக்ரஸ் 1973-ல் நின்ற பிறகு அந்தக் காலி அரங்கத்தில் 1974-லிருந்து 1988 வரை 'அமெரிக்கா சிங்ஸ்' என்று ஒரு இசை நிகழ்ச்சி நடந்தது, நூற்றுக்கும் மேற்பட்ட விலங்குப் பொம்மைகள் அதில் பாடின. நிகழ்ச்சி நின்றதும் அவற்றை எடுத்துவந்து மலைக்குள் வைத்துவிட்டார்கள். கூடு ஒரு பக்கம் தங்கிவிட்டது, பொம்மைகள் இன்னொரு பக்கம் போய்விட்டன. தீம் பார்க்கில் எதுவும் சும்மா தூக்கி எறியப்படுவதில்லை, இயங்கும் பொம்மை ஒன்றைப் புதிதாகச் செய்ய ஆகும் செலவு அப்படி.

சரி, கதையை விட்டு இயந்திரத்துக்கு வருவோம். இங்கே நடக்கும் மாற்றங்கள் பெரும்பாலும் நம் கண்ணில் படுவதே இல்லை. டிஸ்னிலேண்டில் 'ஸ்பேஸ் மவுண்டன்' என்ற ரோலர் கோஸ்டர் 1977-ல் திறந்தது, வெள்ளை நிறக் கூம்பு போன்ற கட்டடத்துக்குள் இருட்டில் ஓடும். 2003-ல் அதை மூடி, உள்ளே இருந்த தண்டவாளம் மொத்தத்தையும் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதிதாக அமைத்து, 2005-ல் திறந்தார்கள். வளைவு, இறக்கம் எல்லாம் முன்பு இருந்த மாதிரியே. இரண்டு வருடத்துக்கும் மேல் வேலை செய்து கடைசியில் 'அதே ரைடு' என்று ஜனங்கள் சொன்னால் அதுதான் வெற்றி. உருக்கு வெளியே பளபளவென்று இருந்தாலும், ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கானவர்களைச் சுமந்து ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அழுத்தம் வாங்கினால் உள்ளுக்குள் களைத்துப்போகும். அதற்கு முன்பே மாற்றிவிட வேண்டும்.

மரத்தால் ஆன ரோலர் கோஸ்டர் இன்னும் சுவாரசியம். பலர் நினைப்பது போல அதில் இரும்புத் தண்டவாளம் கிடையாது. பலகைகளைப் படுக்கை வாக்கில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏழெட்டு அடுக்கு வைத்து ஆணியும் போல்ட்டும் அடித்துத் தண்டவாளத்தைச் செய்வார்கள், சக்கரம் ஓடும் இடத்தில் மட்டும் மேலே மெல்லிய உருக்குப் பட்டை ஒன்று. மழைக்கு மரம் ஊறும், வெயிலுக்குச் சுருங்கும், வண்டி போகும்போதெல்லாம் அடி விழுந்து போல்ட் தளரும், பலகைகளுக்கு நடுவில் இடைவெளி விழும். கொஞ்ச வருடத்தில் பயணம் முதுகெலும்பை உலுக்கி எடுக்கும். அதனால் குளிர்காலத்தில் பார்க் மூடியிருக்கும்போது தச்சர்கள் ஏறி, மோசமான பகுதிகளின் பலகைகளைக் கழற்றிவிட்டுப் புதுப் பலகை அடிப்பார்கள். வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக. நியூயார்க்கின் கோனி தீவில் 1927-லிருந்து ஓடும் 'சைக்ளோன்' இப்படித்தான் பிழைத்திருக்கிறது. 1988-ல் நகரம் அதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்ததால் அதை இடிக்கவோ உருமாற்றவோ நினைத்தபடி முடியாது, மரம் மாறலாம், வடிவம் மாறாது.

எல்லா மரக் கோஸ்டருக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. டெக்சாஸில் சிக்ஸ் ஃப்ளாக்ஸ் பார்க்கில் 1990-ல் கட்டிய 'டெக்சாஸ் ஜயண்ட்' வருடம் போகப் போக மிகக் கரடுமுரடாகிவிட்டது, செப்பனிடும் செலவும் ஏறிக்கொண்டே போனது. 2009-ல் மூடினார்கள். ராக்கி மவுண்டன் கன்ஸ்ட்ரக்‌ஷன் என்ற நிறுவனம் வந்து ஒரு புது யோசனை சொன்னது: மரச் சட்டகம் பெரும்பாலும் இருக்கட்டும், மேலே ஓடும் மரத் தண்டவாளத்தை மட்டும் எடுத்துவிட்டு உருக்குத் தண்டவாளம் போடுவோம். 2011-ல் திறந்ததும் கோஸ்டர் பிரியர்கள் கொண்டாடித் தீர்த்தார்கள். உருக்கு வந்துவிட்டால் மரத்தில் செய்யக் கடினமான செங்குத்து இறக்கம், பக்கவாட்டில் சாய்வது, தலைகீழாகப் புரள்வது எல்லாம் செய்யலாம். அப்புறம் ஒஹாயோவில் சீடர் பாயிண்ட் பார்க்கின் 'மீன் ஸ்ட்ரீக்', 1991-ல் வந்து பெரிதாக யாரும் விரும்பாமல் 2016-ல் மூடப்பட்ட மரக் கோஸ்டர், 2018-ல் 'ஸ்டீல் வெஞ்சன்ஸ்' ஆகத் திரும்பி வந்தது: 200 அடி இறக்கம், நான்கு தடவை தலைகீழ். கூடு பழையதாக இருப்பதால் செலவு மிச்சம், அனுபவமோ அடியோடு புதிது. இந்தத் துறையில் கடந்த இருபது வருடத்தில் நடந்த மிக நல்ல விஷயம் இதுதான் என்று தயங்காமல் சொல்வேன்.

ஆனால் பழைய கூட்டில் எந்த இயந்திரத்தை வேண்டுமானாலும் வைத்துவிட முடியாது. இதற்கு டுமாரோலேண்டிலேயே ஒரு பாடம் நிற்கிறது. 1967-ல் அங்கே 'பீப்பிள் மூவர்' என்று ஒன்று வந்தது. தரையிலிருந்து உயரத்தில் தடம், அதில் சின்னச் சின்னப் பெட்டிகள், பெட்டியில் மோட்டார் இல்லை, தடத்தில் பதித்திருக்கும் டயர்கள் சுற்றிச் சுற்றிப் பெட்டிகளைத் தள்ளும். மெதுவாக, காற்று வாங்கிக்கொண்டே, கால் மணி நேரம் பார்க்கைச் சுற்றிக் காட்டும். கால் வலிக்க நடந்த குடும்பங்களுக்கு அது வரம். 1995-ல் நிறுத்தினார்கள். 1998-ல் அதே தடத்தில் 'ராக்கெட் ராட்ஸ்' என்று அதிவேக வண்டிகளை விட்டார்கள். பிரச்சினை என்னவென்றால் வேகமாகப் போகும் வண்டிக்கு வளைவில் தடம் ஒரு பக்கம் சாய்ந்திருக்க வேண்டும், நெடுஞ்சாலை வளைவில் பார்த்திருப்பீர்கள். மெதுவாக ஊர்ந்த பெட்டிகளுக்காகப் போட்ட தடம் தட்டையாக இருந்தது, அதைச் சாய்த்துக் கட்டப் பணம் ஒதுக்கவில்லை. அதனால் வண்டி நேர்ப்பாதையில் சீறும், வளைவு வந்ததும் வேகத்தைக் குறைக்கும், மறுபடி சீறும், மறுபடி குறைக்கும். டயர் தேய்ந்தது, வண்டிகள் அடிக்கடி நின்றன, வரிசை நீண்டது. இரண்டு வருடத்தைச் சற்றுத் தாண்டி 2000-ல் மூடிவிட்டார்கள். பயணம் கால் மணி நேரத்திலிருந்து மூன்று நிமிடமாகச் சுருங்கி, அப்புறம் அதுவும் இல்லாமல் போயிற்று. அந்தத் தடம் வெறுமையாகப் பல வருடம் நின்றது. பார்ப்பவர்கள் தலைக்கு மேலேயே இருந்தது.

நடுவில் ஒரு வகை உண்டு, இயந்திரத்தையும் தொடாமல், கதையையும் முழுசாக மாற்றாமல், கணினியில் மட்டும் கை வைப்பது. ஃப்ளோரிடாவில் 1994-ல் திறந்த 'டவர் ஆஃப் டெரர்' ரைடில் லிஃப்டில் உட்கார்ந்து விழ வேண்டும். ஆரம்பத்தில் விழுகை எப்போதும் ஒரே மாதிரி இருந்தது, இரண்டாம் தடவை ஏறுகிறவருக்கு எங்கே விழும் என்று தெரியும். பிறகு படிப்படியாக விழுகைகளைக் கூட்டி, 2000-களின் தொடக்கத்தில் ஒவ்வொரு தடவையும் எப்படி விழ வேண்டும் என்பதைக் கணினியே மாற்றி மாற்றித் தேர்வு செய்யும்படி ஆக்கிவிட்டார்கள். ஒரு செங்கல்கூட நகராமல் ரைடு புதிதாகிவிட்டது. கலிஃபோர்னியாவில் இருந்த அதன் தம்பி 2017 ஜனவரியில் மூடி, ஐந்து மாதம்கூட ஆகாமல் மே மாதத்தில் 'கார்டியன்ஸ் ஆஃப் த கேலக்ஸி' என்ற சினிமாவின் ரைடாகத் திறந்தது. அதே லிஃப்ட், அதே குழி, கதை வேறு, பாட்டுக்குப் பாட்டு விழும் விதமும் வேறு.

சில சமயம் தொழில்நுட்பம் வரும் வரை கதை காத்திருக்கும். டிஸ்னிலேண்டின் 'ஹாண்டட் மேன்ஷன்' 1969 ஆகஸ்ட்டில் திறந்தபோது உள்ளே ஒரு பேய் இருந்தது, கையில் தொப்பிப் பெட்டி வைத்திருக்கும். அதன் தலை தோளிலிருந்து மறைந்து பெட்டிக்குள் தோன்ற வேண்டும் என்பது திட்டம். முகத்தின் மேல் படும் விளக்கை அணைத்தால் தலை மறைந்த மாதிரி தெரிய வேண்டும். ஆனால் சுற்றியிருந்த வெளிச்சம் முகத்தில் பட்டுக்கொண்டே இருந்ததால் தலை சரியாக மறையவில்லை. திறந்த கொஞ்ச நாளிலேயே அந்தப் பேயை எடுத்துவிட்டார்கள். பிரியர்கள் மட்டும் அதை மறக்கவே இல்லை, பழைய படங்களைத் தேடிச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். 2015 மே மாதம், நாற்பத்தைந்து வருடத்துக்கும் மேல் கழித்து, புதிய உத்திகளோடு அந்தப் பேயைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். இப்போது தலை உண்மையிலேயே மறைகிறது. இதே மாளிகைக்கு 2001-லிருந்து இன்னொரு ஏற்பாடும் நடக்கிறது: வருடத்தின் கடைசி மாதங்களில் ஹாலோவீனும் கிறிஸ்துமஸும் கலந்த அலங்காரம் உள்ளே ஏறும், பண்டிகை முடிந்ததும் இறங்கும், மாளிகை பழையபடி ஆகிவிடும்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்து ரைடுகளில் பலவற்றின் செலவை ஏதோ ஒரு பெரிய நிறுவனம் ஏற்றுக்கொண்டிருந்தது, அது விலகினால் ரைடின் நாட்கள் எண்ணப்படும். ஃப்ளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்டில் இருக்கும் எப்காட் பார்க்கில் 1983-ல் திறந்த 'ஹொரைசன்ஸ்' ரைடுக்கு ஜெனரல் எலெக்ட்ரிக் பணம் கொடுத்தது, 1993-ல் நிறுத்திக்கொண்டது, 1999-ல் ரைடே போய்விட்டது, கட்டடத்தையும் இடித்து அங்கே வேறு கட்டினார்கள். அடுத்தது, ஒரு மணி நேரத்தில் எத்தனை பேரை ஏற்றி இறக்க முடிகிறது என்ற கணக்கு. வரிசை இல்லாத ரைடுக்கும், வரிசை நகராத ரைடுக்கும் ஆபத்து ஒன்றுதான். மூன்றாவது, சினிமா.

இந்த மூன்றாவது விஷயத்தில்தான் எனக்கு வருத்தம். பைரேட்ஸ், ஹாண்டட் மேன்ஷன், ஸ்பேஸ் மவுண்டன் எதுவும் சினிமாவிலிருந்து வந்தவை இல்லை, பார்க்குக்காகவே யோசித்தவை, அதனால்தான் கிட்டத்தட்ட அரை நூற்றாண்டும் அதற்கு மேலும் ஆகியும் கூட்டம் குறையவில்லை. இப்போது பழைய ரைடு ஒன்று போனால் அந்த இடத்துக்கு வருவது பெரும்பாலும் ஓடிய படம் ஒன்றின் நீட்சி. படம் எல்லாருக்கும் தெரியும் என்பதால் விளம்பரம் சுலபம், பொம்மை விற்பதும் சுலபம். ஆனால் படம் மறந்துபோனால் ரைடும் சேர்ந்து பழையதாகிவிடும். வால்ட் டிஸ்னி பார்க் கட்டியதற்கே சொன்ன காரணம், சினிமா வெளியே போய்விட்டால் அதில் கை வைக்க முடியாது, பார்க்கையோ திருத்திக்கொண்டே இருக்கலாம் என்பது. ஒவ்வொரு முறையும் ஒரு சினிமாவை நகலெடுப்பது அந்தச் சுதந்திரத்தை வீணாக்குவது.

ரைடு மூடும்போது ஜனங்கள் அழுவதைப் பார்த்துச் சிலருக்கு ஆச்சரியமாக இருக்கும். 1998-ல் ஃப்ளோரிடாவில் 'மிஸ்டர் டோட்ஸ் வைல்ட் ரைடு' மூடப்போகிறது என்றதும் பிரியர்கள் பச்சை நிறச் சட்டை போட்டுக்கொண்டு பார்க்குக்குள்ளேயே அமைதியாக எதிர்ப்புத் தெரிவித்தார்கள். பலிக்கவில்லை, அடுத்த வருடம் அங்கே வின்னி த பூ என்ற கதைக் கரடியின் ரைடு வந்தது. ஆனால் உள்ளே ஒரு சுவரில் சின்ன ஓவியம் ஒன்றை மாட்டினார்கள்: பழைய ரைடின் நாயகனான தேரை டோட், வீட்டுப் பத்திரத்தை வின்னி த பூ கதையில் வரும் ஆந்தையிடம் கொடுக்கிற மாதிரி. அதைக் கட்டியவர்களுக்கும் பழைய ரைடின் மேல் மரியாதை இருந்திருக்கிறது என்று அதைப் பார்த்தால் தெரியும்.

இப்படிப்பட்ட மிச்சங்களைத் தேடிப் பார்ப்பது எந்தப் பார்க்கிலும் செய்யக்கூடியது. வெளியே கட்டடத்தின் வடிவம் கதைக்குச் சம்பந்தமில்லாமல் இருக்கிறதா, வரிசை நிற்கும் கூடம் தேவைக்கு மேல் பெரிதாக இருக்கிறதா, படகோ வண்டியோ காரணமே இல்லாமல் ஒரு இடத்தில் விசித்திரமாகத் திரும்புகிறதா என்று கவனியுங்கள். எப்காட்டின் நார்வே பகுதியில் 1988-ல் 'மேல்ஸ்ட்ராம்' என்று ஒரு படகு ரைடு திறந்தது, வைக்கிங்குகள், கடல், நார்வேயின் பழங்கதைப் பூதங்கள் எல்லாம் அதில் வரும். ஒரு இடத்தில் பூதம் மந்திரம் போட்டுப் படகைப் பின்பக்கமாகத் தள்ளிவிடும். 2014-ல் அதை மூடி, 2016-ல் 'ஃப்ரோசன் எவர் ஆஃப்டர்' ஆக்கினார்கள், படகும் வழியும் அப்படியே. தடம் அங்கே பின்பக்கம்தான் போகிறது என்பதால் புதுக் கதையிலும் யாராவது படகைப் பின்னால் தள்ளியாக வேண்டும். பூதம் செய்த வேலையை இப்போது 'ஃப்ரோசன்' படத்தின் எல்ஸா செய்கிறாள்.